கல்லுக்குள் ஒரு கடல்

தாம்பரம் பக்கம் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. பல்லாவரம், திரிசூலம் என்று எலெக்ட்ரிக் ட்ரெயின் ஜன்னல் வழியாகவே மலை தெரியும் (வெட்டினது போக மிச்சம்). 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்கிற வெள்ளைக்காரர் ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்ததும் இந்தப் பல்லாவரத்தில்தான். அப்பேர்ப்பட்ட ஏரியாவில் குடியிருந்துகொண்டு, "ஒரு நல்ல கல் கிடைக்கலை ஸார்" என்று ஒருத்தர் புலம்பினால் எப்படி?

புலம்பியவர் சேலையூர் நண்பர். ஆடிட் ஆபீஸ். கப்பி, ஏஞ்சல், தங்கமீன் எல்லாம் வளர்த்து அலுத்துப்போய், கடல் மீன் தொட்டி வைக்கக் கிளம்பிவிட்டார்.

கடல் தொட்டியில் கல் வெறும் ஷோ பீஸ் இல்லை. அதுதான் முனிசிபாலிட்டி. மீனின் கழிவு அம்மோனியாவாகும். விஷம். கல்லின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவில் ஒரு கோஷ்டி அதை நைட்ரைட் ஆக்கும் (அதுவும் விஷம்). இன்னொரு கோஷ்டி நைட்ரேட் ஆக்கும் (அளவோடு இருந்தால் தேவலை). ஆகவே துளை முக்கியம். நம்ம பல்லாவரத்துச் சார்னோகைட் கல் ஜல்லிக்கு உசத்தி. பாக்டீரியா குடியேற ஒரு பொந்து கிடையாது.

"ராமேஸ்வரம் பக்கம் கரையில பவளக்கல் சும்மா கிடக்குமாமே. ஒரு பை அள்ளிட்டு வந்துடவா?"

"தாராளமா. திரும்பி வர மூணு வருஷமாவது ஆகும், பரவாயில்லையா?"

ஜோக் இல்லை. 2001-ல் பாறை கட்டும் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. செத்த பவளம்தானே என்ற சமாதானமும் செல்லாது. இந்தக் கெடுபிடியில் நியாயம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் மொத்தம் 21 தீவுகள். சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்கடியில் போய்விட்டன. ஆடிட்டர் பாஷையில் சொன்னால், லெட்ஜரில் 21, கையிருப்பு 19.

சரி, கல்லுக்கு என்ன வழி? சமைக்க வேண்டியதுதான்.

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு உடைத்த கிளிஞ்சல், இரண்டு பங்கு கல்லுப்பு. தண்ணீர் கொஞ்சமாகத் தெளித்து, பிடித்தால் பிடிபடுகிற பதத்தில் பிசைய வேண்டும் (ரப்பர் கையுறை கட்டாயம், சிமெண்ட் கையைப் பொத்துவிடும்). ஈர மணலில் குழி பறித்துக் கோணாமாணாவென்று கொட்டி, ஈரச் சாக்கு மூடி மூன்று நாள் விடுங்கள். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து ஓடிவிடும். உப்பு இருந்த இடமெல்லாம் பொந்து!

உடனே தொட்டியில் வைத்தால் மீன் அம்பேல். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.ஹெச். எக்கச்சக்கமாக ஏறும். நாலைந்து நாளுக்கொரு தரம் தண்ணீர் மாற்றி ஒன்றரை, இரண்டு மாதம் ஊறவிட வேண்டும். கொட்டுகிற தண்ணீரில் மாடி கழுவலாம், செடிக்கு ஊற்றாதீர்கள். புதுத் தண்ணீரில் இரண்டு நாள் கிடந்தும் பி.ஹெச். எட்டரையைத் தாண்டாவிட்டால் கல் பாஸ்.

யாரோ உபயோகித்த பழைய கல் கிடைத்தால் ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு கலந்து சில நாள் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் வாசனை போகக் காயவிடுங்கள். 'இன்னும் பளிச்னு ஆகட்டும்' என்று அதிலேயே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. 1915-ல் உலக யுத்தத்தில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே சரக்கு.

அடுத்தது உப்புத் தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடல் தொட்டி உப்பு. சமையல் உப்பில் கால்சியம், மக்னீசியம் கணக்கு உதைக்கும். கல்லைப் போட்டு, பம்ப் ஓடவிட்டு, இருட்டில் வையுங்கள். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு? அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வைத்திருப்பாரே, அந்த நவச்சாரம்தான். ஆனால் சுத்தமான லேப் சரக்காக வாங்குங்கள். போட்ட அம்மோனியாவும், அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் பூஜ்யமானால் முனிசிபாலிட்டி வேலை செய்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒரு மாதமோ, ஒன்றரை மாதமோ.

"மூணு மாசம் வெறும் கல்லையா பார்த்துட்டிருக்கிறது?" என்றார் நண்பர்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவும் இதே மாதிரி கரைந்துகொண்டிருந்தது. 2015-லிருந்து கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து அதைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். இவர் பக்கெட்டில் செய்வதை அவர்கள் சமுத்திரத்தில் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வெட்டி எடுக்கச் சில வருஷம் போதும். பவளம் திரும்ப வளர நம் ஆயுசு போதாது. அதோடு ஒப்பிட்டால் மூன்று மாதம் ரொம்ப சல்லிசு.

பொறுமை இல்லாதவர்களுக்குத் தங்கமீனே மேல்.