வீட்டுப்பாடம் அல்ல, கொழுந்துக் கணக்கு



பைதன் நிரல்மொழியில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஏன் என்று இணையத்தில் கேட்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைப்பது, "உன் வீட்டுப்பாடத்தை நீயே செய்" என்ற பதில்தான். உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் பைதன் இருப்பதால், சந்தேகப்படுகிறவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது.

அதற்குக் கோபித்துக்கொண்டு பயனில்லை. "பரீட்சைக்கு அல்ல, அம்மாவின் கொழுந்து நிறுவையைச் செக்ரோல் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எழுதுகிறேன்" என்று ஒரு வரி சொல்லட்டும். எழுதிய நிரல், கொடுத்த எண்கள், திரையில் வந்த விடை மூன்றையும் அப்படியே காட்டட்டும். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) என்றால் என்னவென்று கொழும்புக்காரருக்குத் தெரியாது, அதையும் விளக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் உதவ ஆள் வரும்: இரும எண்ணில் 0.1ஐ முழுமையாக எழுத முடியாது, கிலோவைக் கிராமாக்கி முழு எண்ணாகக் கூட்டு என்பார்கள்.

அது சரி, வீட்டுப்பாடமாகவே இருந்தால்தான் என்ன? டியூஷனுக்கு அவிசாவளைக்கு பஸ் ஏற வேண்டிய பிள்ளை வேறு யாரிடம் போய்க் கேட்கும்?

தோட்ட வாசகர்,
யட்டியாந்தோட்டை