மின்காந்த இடையூறு அளவீட்டில் நேரும் பிழைகள்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மின்சாதனங்களிலிருந்து எழும் இடையூற்றை அளந்து, அவை சந்தைக்கு வரத் தகுதியுடையனவா என்று தீர்ப்புச் சொல்லும் பரிசோதனைக் கூடங்கள், ஓர் எண்ணை மாத்திரம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிடும் வழக்கத்தை இனியும் தொடர்வது நியாயமன்று என்பது, அளவீட்டுப் பொறியாளர்களாகிய எங்கள் சங்கத்தின் தீர்மானமான அபிப்பிராயம்.

1934-ஆம் ஆண்டு முதல் இத்துறையின் அளவு முறைகளை வகுத்துவரும் சிஸ்பர் என்னும் சர்வதேசக் குழு, 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கதிர்வீச்சு அளவீட்டில், கருவிகளாலும் சோதனைத் தளத்தாலும் நேரும் நிச்சயமின்மைக்கு 6.3 டெசிபெல் என்ற அளவை நிர்ணயித்திருக்கிறது. 6 டெசிபெல் என்றாலே புலத்தின் வலிமை இரு மடங்கு. ஆயினும் அந்தக் கணக்கில் ஆண்டெனாவும் ரிசீவரும் தளமும் இடம்பெற்றனவேயன்றி, சோதனைக்கு வந்த சாதனத்தின் கேபிள்களை நாம் எவ்வாறு கிடத்தினோம் என்பது இடம்பெறவில்லை. பெரும்பிழை பிறக்குமிடமோ அதுதான். மேசை விளிம்பிலிருந்து தொங்கும் ஒரு மீட்டர் கேபிள், 75 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கால் அலைநீளமாக அமைந்து, தானே ஓர் ஆண்டெனாவாகக் கதிர்வீசத் தொடங்குகிறது. அதைச் சுருட்டிக் கட்டினாலும், தரைத் தகட்டை நோக்கிச் சற்றே தாழவிட்டாலும், அதன் மறுமுனை வேறு விதமாக முடிவுற்றாலும் அளவு மாறிவிடுகிறது. ஆகவே, யோக்கியமான இரண்டு கூடங்கள், பழுதற்ற கருவிகளைக் கொண்டு, ஒரே சாதனத்துக்கு எதிரெதிரான தீர்ப்பை வழங்குவது அதிசயமன்று.

ரிசீவரின் முன்னே வைக்கும் ஆம்ப்ளிஃபையர், மோட்டார்களின் பிரஷ்ஷில் எழும் கூரிய துடிப்புகளால் திணறிப் பொய்யளவு காட்டுவதும் உண்டு. அதன் வாயிலில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் செருகி, அளவும் சரியாக 10 டெசிபெல் இறங்குகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு நிமிஷ வேலையே ஆயினும், அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே.

கூடத்தின் நிச்சயமின்மை சிஸ்பர் அளவை மீறினால், அந்த மிகுதியை அளவோடு கூட்டியே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்ற விதியை நாங்கள் பூரணமாக ஆதரிக்கிறோம். ஆனால் அது போதாது. ஒவ்வோர் அறிக்கையிலும் நிச்சயமின்மையின் அளவும், கேபிள்கள் கிடந்த நிலையைக் காட்டும் புகைப்படமும், அட்டெனுவேட்டர் சோதனையின் முடிவும் கட்டாயம் இடம்பெற வேண்டும். இவையில்லாத அறிக்கையை அபூர்ணமானதென்றே கருதுகிறோம். வரம்புக்கு 1 டெசிபெல் கீழே நின்று தேறிய சாதனத்தை உடனே விற்பனைக்கு அனுப்பாமல், கேபிள்களைக் கலைத்து மீண்டும் அமைத்து, இன்னொரு முறை அளக்கச் செய்யுமாறு உற்பத்தியாளர்களை வேண்டிக்கொள்கிறோம்.