எஃப்.சி. இல்லை என்றால் இழப்பீடும் இல்லையா?

“வண்டிக்கு எஃப்.சி. முடிஞ்சு நாலு மாசமாச்சு. இன்சூரன்ஸ் இருந்தும் செல்லாது. கோர்ட்டுக்குப் போனா பத்து பைசா வராது. குடுக்குறத வாங்கிக்கிட்டு முடிச்சுக்கம்மா.”

வேலை முடிந்து சைக்கிளில் காலனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், செங்கல் ஏற்றிவந்த மினி லாரி மோதி இறந்துபோனார். நான்காம் நாள் அவருடைய மனைவியிடம் ஊர்க்காரர்கள் சொன்னது இது. இடம், வட மாவட்டமொன்றின் காவல் நிலைய வாசல். பேசிய தொகை எழுபதாயிரம். கையெழுத்து வாங்க வெள்ளைத்தாளும் தயாராக இருந்தது. நாங்கள் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அந்த அம்மா கையெழுத்துப் போட்டிருப்பார். போட்டிருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. லாரி உரிமையாளரின் சூளையில்தான் அவருடைய மகனும் மருமகளும் வேலை செய்கிறார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு.

எஃப்.சி. முடிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் செல்லுமா? யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது பதில்.

எஃப்.சி. என்பது வண்டி ஓடத் தகுதியானது என்று தரப்படும் சான்று. லாரி, வேன், ஆட்டோ போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். (சொந்தக் கார், பைக் வைத்திருப்போருக்கு முதல் 15 ஆண்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.) இந்தச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனத்தை முறைப்படி பதிவான வாகனமாகவே கருத முடியாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிடித்துக்கொள்வது இதைத்தான். உரிமையாளர் தன் வண்டி நசுங்கியதற்குப் பணம் கேட்டால் கம்பெனி கைவிரிக்கலாம். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்கு.

அடிபட்டவர் கதை வேறு. பாலிசியில் அவர் கையெழுத்துப் போடவில்லை. எஃப்.சி. எடுக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதல்ல. அவரைப் போன்ற மூன்றாம் நபருக்காகத்தான் 146ஆம் பிரிவு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஓட்டுநர் உரிமக் கோளாறு இருந்த வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை 2004இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பர்மிட் இல்லாத லாரிக்கும் அதே வழி என்று 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் சொன்னது. அதே ஆண்டு கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, எஃப்.சி. இல்லாததும் அடிப்படை விதிமீறல்தான், ஆனாலும் கம்பெனி கொடுத்துவிட்டு வசூலிக்க வேண்டும் என்றது. எல்லாத் தீர்ப்பாயத்திலும் இது தானாக நடந்துவிடாது, வாதாட வேண்டும். ஆனால் “பத்து பைசா வராது” என்பது பொய்.

அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். கம்பெனி கொடுத்தால், அந்தத் தொகை முழுவதையும் உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும். எழுபதாயிரத்தில் முடிந்தால் அவர் தப்பித்தார். அதற்காகத்தான் பஞ்சாயத்து, அதற்காகத்தான் “உங்க நல்லதுக்குச் சொல்றோம்”. எஃப்.சி. எடுக்காமல் வண்டி ஓட்டியது அவருடைய குற்றம். அந்தக் குற்றத்தையே காட்டி நம்மிடம் பேரம் பேசுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் நம் பெண்களை லோடு வண்டியில் நிற்கவைத்துக் கூட்டிப்போகிறார்கள். அந்த வண்டி கவிழ்ந்தால் எஃப்.சி. சரியாக இருந்தாலும் சிக்கல்தான். சரக்கு வண்டியில் பயணியாகப் போனவருக்குக் கட்டாய இன்சூரன்ஸ் பொருந்தாது என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கின் உரிமையாளருக்கு விலக்கு உண்டு. கூலிக்கு நாற்று நடப் போகிறவர் எந்தச் சரக்குக்கு உரிமையாளர்? அங்கே வண்டிக்காரரையும் வேலைக்குக் கூட்டிப்போனவரையும்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நம் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை. தாட்கோ கடனில் லோடு ஆட்டோ எடுத்து ஓட்டுகிற தம்பிகள் பலரை எங்களுக்குத் தெரியும். டயர் மாற்றி, பிரேக் பார்த்து, பெயின்ட் அடித்து எஃப்.சி.க்கு நிறுத்தினால் சில நாள் வருமானம் போகிறது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாதத்தில் ஒரு விபத்து நடந்தால், கம்பெனி கொடுத்துவிட்டு வசூலிக்க வருவது இவர்களிடம்தான். சூளைக்காரருக்குச் சொன்ன சட்டம்தான் இவர்களுக்கும். வண்டியை விற்றாலும் கட்டி முடிக்க முடியாத தொகையாக இருக்கும் அது.

விபத்து நடந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி. இரண்டின் தேதியும் தெரியும். 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. அனுப்பினார்களா என்று கேளுங்கள், நகல் வாங்குங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும். வெள்ளைத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

அந்த அம்மா மனு போட்டுவிட்டார். அந்த வாரத்திலிருந்து மகனுக்கும் மருமகளுக்கும் சூளையில் வேலை இல்லை. முன்பணத்தை வட்டியோடு திருப்பித் தரச் சொல்கிறார்கள். அதற்கு 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியருக்கு அந்த மனுவையும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.