மூன்றாம் பாகத்தை ஒளித்து வைக்காதீர்கள்

ஹோலி ஜாக்சனின் 'எ குட் கேர்ள்ஸ் கைட் டு மர்டர்' வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கருத்தும் கூடவே வந்துவிடுகிறது. முதல் பாகம் அருமை, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் கெடுத்துவிட்டார். இளையோருக்கு எழுதுகிறவர் எல்லை தாண்டலாமா என்று கேட்கிறார்கள். முதல் இரண்டையும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு மூன்றாவதை மட்டும் அலமாரி மேல்தட்டில் வைத்த பெற்றோரையும் எனக்குத் தெரியும். நான் நேரெதிராகச் சொல்கிறேன். அந்த வரிசையில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை அவசியம் படிக்க வேண்டியது மூன்றாம் பாகம்தான்.

முடிவைச் சொல்லாமல் இதை வாதிட முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

2019இல் வந்த முதல் நாவலில் பிப் என்ற பள்ளி மாணவி ஒரு பழைய வழக்கைக் கையில் எடுக்கிறாள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆண்டி பெல் என்ற பெண் காணாமல் போனாள். அவளுடைய காதலன் சால் சிங்தான் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. சாலின் தம்பி ரவியோடு சேர்ந்து பிப் உண்மையைத் தோண்டுகிறாள். சால் யாரையும் கொல்லவில்லை. ஓர் ஆசிரியர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனைக் கொன்று பழியையும் அவன்மேல் போட்டிருக்கிறார். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிப்பின் கண்முன்னே ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். பெண்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வன்புணர்ந்த மேக்ஸ் ஹேஸ்டிங்ஸை நீதிமன்றம் விடுவித்துவிடுகிறது.

2021இல் வந்த 'ஆஸ் குட் ஆஸ் டெட்' இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிப்புக்குத் தூக்கம் இல்லை. கையில் ரத்தம் இருப்பதுபோலவே தோன்றுகிறது. திருட்டுத்தனமாக மாத்திரை வாங்கி விழுங்குகிறாள். யாரோ அவளைப் பின்தொடர்கிறார்கள். வாசலில் தலையில்லாப் புறா கிடக்கிறது, பாதையில் சுண்ணக்கட்டி உருவங்கள். போலிஸிடம் போனால் பொருட்படுத்தவில்லை. அவன் தொடர்கொலைகாரன், அவன் செய்த கொலைகளுக்காக வேறொருவன் சிறையில் இருக்கிறான். கடைசியில் அவளையே கடத்துகிறான். அவள் தப்பிக்கிறாள். தப்பித்தவள் திரும்பிப் போய் அவனைக் கொல்கிறாள். அந்தக் கொலையை மேக்ஸ்மேல் சுமத்துகிறாள்.

நம் துப்பறியும் மரபில் இது நடக்காது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே வழக்கை முடிப்பார். 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் வந்த சுஜாதாவின் கணேஷ், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி எல்லாருமே அடுத்த கதைக்குப் புத்தம்புதிதாக வருகிறவர்கள். போன மாதம் பார்த்த பிணம் இந்த மாதக் கனவில் வராது. அந்த மரபை நான் இளக்காரம் செய்யவில்லை. எத்தனையோ பேரைத் தமிழ் வாசிக்க வைத்த மரபு அது. ஆனால் கொலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அது கேட்கவில்லை. ஜாக்சன் மூன்றாம் பாகம் முழுக்க அதைத்தான் கேட்கிறார்.

"பிள்ளைங்க இதைப் படிச்சா கெட்டுப்போவாங்க" என்கிறார்கள். சரிங்க, இதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதானே சினிமாவுக்குப் போகிறோம்? திரையில் போலிஸ்காரர் ஒருவனை என்கவுன்டரில் சுட்டுத் தள்ளும்போது அரங்கமே விசில் அடிக்கிறது. விசாரணை கிடையாது, வழக்கு கிடையாது. அப்போது யாருக்கும் பிள்ளைகளின் ஞாபகம் வருவதில்லை. கொன்ற பிறகு அந்தப் பெண் படும்பாட்டைப் பக்கம் பக்கமாகச் சொல்லும் நாவல் வந்தால்தான் வருகிறது. அந்தப் பாட்டைப் படித்துக்கொண்டே ஒருவராலும் விசில் அடிக்க முடியாது.

எங்கள் காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் வழியில் பார்த்திருப்பார்கள். இந்த மாதிரி ஊரில் யாராவது ஒரு பையன்மேல் சந்தேகம் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். அவன் அம்மா கடைக்குப் போனால் பேச்சு நின்றுபோகும். சால் சிங்கின் குடும்பம் அனுபவித்ததைப் புரிந்துகொள்ள எங்கள் பிள்ளைகளுக்கு இங்கிலாந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போலிஸ் நம்பாத கதையும் நமக்குப் புதிதில்லை. 2009 ஜனவரியில் குகன் தடுப்புக்காவலில் இறந்தார். 2013இல் உயர் நீதிமன்றம் அவர் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த நான்கு ஆண்டுகளும் அதற்குப் பிறகும் அந்தப் பெயர் நம் வீடுகளில் பேசப்பட்டது. சட்டம் கைவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நம் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒரு கதையாவது கொடுக்க வேண்டாமா?

நாவலில் எனக்குச் சண்டை இல்லாமல் இல்லை. செய்யாத கொலைக்காக ஒருவன்மேல் பழி போட்டதை அம்பலப்படுத்தித்தான் பிப் நம் மனத்தில் இடம் பிடித்தாள். மூன்றாம் பாகத்தில் அந்த ஆசிரியர் செய்ததையே இவளும் செய்கிறாள். மேக்ஸ் கெட்டவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கொலையை அவன் செய்யவில்லை. கடைசியில் அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகும்போது நாவல் பிப்புக்கு ஒரு நிம்மதியைத் தருகிறது. அந்த நிம்மதியை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படிவம் ஐந்தில் படிக்கும் ஒரு மாணவி என்னிடம், "போலிஸும் கோர்ட்டும் கைவிட்ட பிறகு அவ வேற என்னதான் சார் செய்வா?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம், முடிவுக்கு வரவில்லை. பாடநூல் நன்னெறிக் கதைகள் எதற்கும் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்ததில்லை.

என் கோபம் ஜாக்சன்மேல் இல்லை, நம்மேல்தான். இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பதின்மூன்று வயதில் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. அந்த வயதுக்கென்று தமிழில் நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? மலாய்ப் பிள்ளைக்கு ரம்லி அவாங் முர்ஷிட்டின் திகில் நாவல்கள் இருக்கின்றன; 2011இலிருந்து பிக்ஸி பதிப்பகம் நகரத்துக் குற்றக் கதைகளைக் கொண்டுவருகிறது. நம்மிடம் கே. பாலமுருகன் சிறுவர்களுக்கு மர்மக் கதைகள் எழுதினார்; நல்ல தொடக்கம். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து பதினாறு வயதானால் அடுத்து எதைப் படிப்பார்கள்? ஆங்கிலத்துக்குப் போய்விடுவார்கள். போனபிறகு, "இப்போ பிள்ளைங்க தமிழ் படிக்கிறதே இல்ல" என்று மேடையில் நின்று புலம்புவோம்.

எழுதுகிறவர்களுக்குத் துணிச்சல் வராததற்குக் காரணம் இருக்கிறது. இளையோர் கதை என்றாலே கடைசிப் பக்கத்தில் திருந்த வேண்டும், அப்பா தோளில் தட்ட வேண்டும் என்று நாமே வாய்ப்பாடு போட்டுக் கொடுத்திருக்கிறோம். போட்டி நடுவர்கள் அதற்குத்தான் பரிசு கொடுக்கிறார்கள். அந்த வாய்ப்பாட்டில் சால் சிங் வரமாட்டான், பிப்பும் வரமாட்டாள்.

மூன்றாம் பாகத்தை மேல்தட்டில் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இறக்கிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நீங்களும் படித்துவிடுங்கள். பிள்ளை கேள்வியோடு வரும்போது, "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று கேட்டுவிடாமல் இருப்பதற்காகவாவது படியுங்கள்.