பழைய காரை லம்போர்கினியா மாத்தலாமா? லைக்ஸ் அள்ளும்... ஆனா ஆர்டிஓ என்ன சொல்வார்?

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வாரத்துக்கு ஒரு வீடியோவாவது கண்ணில் படுகிறது. பட்டறை ஓரத்தில் துருப்பிடித்து நிற்கும் ஒரு பழைய செடான் கார். அடுத்த ஷாட்டில் அதற்குக் கூரை இல்லை. அதற்கடுத்து, கதவு மேல்நோக்கித் திறக்கிறது. கடைசி ஷாட்டில் பளபளவென ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கீழே ‘வேற லெவல் ப்ரோ’ என்று ஆயிரம் கமெண்ட்.

அந்த வீடியோ எதிலும் வராத காட்சி ஒன்று இருக்கிறது. இந்த காரோட ஆர்சி புக்ல இப்போ என்ன எழுதியிருக்கு?

ஒருவருக்குப் பாராட்டு, இன்னொருவருக்கு பறிமுதல்

அசாம் மாநிலம் கரீம்கஞ்சைச் சேர்ந்த ஒரு மெக்கானிக், 2021-ல் தன்னுடைய பழைய மாருதி ஸ்விஃப்டை லம்போர்கினி போல மாற்றினார். கொரோனா ஊரடங்கில் வேலை இல்லாத நேரம். சுமார் 6 லட்சம் ரூபாய் செலவானது. வீடியோ நாடு முழுக்கப் பரவியது. பிறகு இதே போல இன்னொரு காரையும் உருவாக்கி, மாநில முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மாவுக்கே பரிசாகக் கொடுத்தார்.

2024 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தின் அம்பேத்கர் நகரில் சகோதரர்கள் இருவர் ஒரு வேகன்-ஆரை ஹெலிகாப்டர் வடிவத்துக்கு மாற்றினார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது திட்டம். பெயிண்ட் அடிக்கக் கொண்டு போகும் வழியிலேயே போலீஸ் வண்டியைப் பிடித்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம், கேரளாவின் ஆலப்புழாவில் டாடா சஃபாரியின் சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே நீச்சல் குளம் அமைத்த யூடியூபர் மீது மோட்டார் வாகனத் துறை நடவடிக்கை எடுத்தது. தண்ணீர் கசிந்து, ஓடும் வண்டியில் ஏர்பேக் விரிந்ததெல்லாம் தனிக்கதை!

எல்லாமே அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய கதைதான். யாருக்கு மாலை, யாருக்கு வழக்கு என்பதை வீடியோவைப் பார்த்தவர்களின் மனநிலைதான் தீர்மானிக்கிறதோ என்று தோன்றுகிறது. சட்டத்தில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை.

அமெரிக்காவில் இது கலை

காரை அடையாளமே தெரியாத அளவுக்கு மாற்றுவதை ‘ரேடிகல் கஸ்டம்’ என்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் இது பெரிய அலையாக எழுந்தது. 1949 முதல் 1951 வரை வந்த மெர்குரி கார்கள்தான் அந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை.

அதில் உச்சம், ‘ஹிரோஹாட்டா மெர்க்’ என்ற கார். 1951 மாடல் மெர்குரியை 1952-ல் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் சகோதரர்களின் பட்டறைக்குக் கொண்டு வந்தார் அதன் உரிமையாளர். கூரையை முன்பக்கம் 4 அங்குலம், பின்பக்கம் 7 அங்குலம் வெட்டிக் குறைத்தார்கள். கதவுகளுக்கு நடுவில் இருந்த தூணையே எடுத்தார்கள். கைப்பிடிகளை நீக்கி, ஓட்டையை அடைத்து, தகடு வழவழப்பாகும்வரை தேய்த்தார்கள். அந்தக் காலத்தில் இப்போது நம் டிங்கரிங் பட்டறைகளில் போடும் பட்டி கிடையாது. ஈயத்தை உருக்கித்தான் பள்ளம் நிரப்பினார்கள். அதனாலேயே இந்த வகை கார்களுக்கு ‘லெட் ஸ்லெட்’, அதாவது ஈயச் சறுக்குவண்டி என்று பட்டப்பெயர்.

1959-ல் ஒரு பள்ளி வயதுப் பையன் இதே காரை வெறும் 500 டாலருக்கு வாங்கினான். 2022 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் நடந்த ஏலத்தில் அது 20 லட்சம் டாலரைத் தாண்டி விற்றது.

நம்ம ஊர் காரில் அதே வேலையைச் செய்தால்?

பழைய அமெரிக்க மெர்குரியில் அடியில் தனி சேசிஸ் இருந்தது. எஞ்சின், சக்கரம், பாரம் எல்லாவற்றையும் அதுதான் தாங்கும். மேலே இருந்த பாடி ஏறக்குறைய ஒரு மூடி மாதிரி. கூரையை வெட்டினாலும் அஸ்திவாரம் அப்படியே இருக்கும்.

நம் ஊர் செடான்கள் அப்படி இல்லை. சிட்டி, வெர்னா, டிசையர் மட்டுமல்ல, நாம் ‘இரும்பு மாதிரி வண்டி’ என்று சொல்லும் அம்பாசடருக்கும் தனி சேசிஸ் கிடையாது. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்ததுதான் அதன் எலும்புக்கூடு. இதை மோனோகாக் என்பார்கள். முட்டை ஓடு மாதிரி யோசிச்சுப் பாருங்க. முழுசா இருக்கும்வரை அழுத்தம் தாங்கும். ஒரு பக்கம் உடைச்சுட்டா கதை முடிஞ்சது.

இதில் கூரையை வெட்டினால் போவது அழகு மட்டுமல்ல, வண்டியின் விறைப்பும் போகிறது. ஓடும்போது பாடி முறுக்கிக்கொள்ளும். கவிழ்ந்தால் தலையைக் காக்க எதுவும் மிஞ்சாது. புதிய கார்களில் தூண்களுக்குப் போடும் உயர்வலிமை எஃகு, சாதாரண வெல்டிங் சூட்டிலேயே பலம் இழக்கும். வெளியே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டால், உள்ளே வெல்டிங் எப்படி இருக்கிறது என்று அந்த மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் தெரியாது. மோதும்போது முன்பகுதி எப்படி நசுங்கும், ஏர்பேக் எந்த நொடியில் விரியும் என்று கம்பெனி போட்ட கணக்கெல்லாம், முன்பக்கத்தை ஃபைபரில் புதிதாகக் கட்டியதும் செல்லாது.

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் சட்டம் ‘மாற்றம்’ என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் இதைக் கொஞ்சம் தளர்வாக வாசித்திருந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளரின் விவரங்களிலிருந்து விலக முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டது.

தண்டனை 182ஏ பிரிவில் இருக்கிறது. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனிங்க. கூரை, கதவு, எஞ்சின் என்று தனித்தனியா எண்ண ஆரம்பிச்சா பில் எங்கேயோ போகும். மாட்டுவதும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், கம்பெனி க்ளெய்மை மறுக்க அதுவே போதுமான காரணம்.

சரி, ‘வின்டேஜ்’ கார்னு பதிவு பண்ணிட்டா?

அதுவும் நடக்காது. 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி 50 வயதைக் கடந்த வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, ஹிரோஹாட்டா மெர்க் இந்தியாவில் இருந்திருந்தால் அதற்கு இந்தப் பிளேட் கிடைத்திருக்காது!

அப்போ வழியே இல்லையா?

சில வழிகள் இருக்கு. நிறம் மாற்றலாம், ஆர்டிஓவிடம் விண்ணப்பித்து ஆர்சியில் பதிய வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கிட் மூலம் சிஎன்ஜிக்கோ, மின்சாரத்துக்கோ மாற்றலாம். பழைய அம்பாசடருக்குள் மோட்டாரும் பேட்டரியும் வைக்க ஆசைப்படுபவர்களுக்குச் சட்டப்படியான கதவு இதுதான். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டியை மாற்றவும் 2019 திருத்தம் இடம் தருகிறது. ரேஸ் ட்ராக் தனி உலகம். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓடும் போட்டிக் கார்களுக்கு ஆர்சி தேவையில்லை, போட்டி அமைப்பின் விதிகள் போதும். ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கூரையை வெட்டி, புது பாடி கட்டி, சாலையில் ஓட்ட நினைக்கும் தனிநபருக்கு? நடைமுறையில் வழி இல்லை. நம்மைப் பொறுத்தவரை பிரச்னையே இங்கேதான். பிரிட்டனில் பெருமளவு மாற்றப்பட்ட காரை ஒரு சோதனைக்குக் கொண்டு போகலாம், தேறினால் தனி எண்ணோடு சாலைக்கு வரலாம். ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பரிசோதித்து, மாற்றத்தை வண்டியின் ஆவணத்திலேயே எழுதிக் கொடுப்பார். இங்கே பரிசோதனைக் கூடங்கள் இல்லாமல் இல்லை, ஒரகடத்திலேயே ஒன்று இருக்கிறது. ஆனால் அவை கார் கம்பெனிகளையும் கிட் தயாரிப்பாளர்களையும் மனதில் வைத்தே இயங்குகின்றன, ஒற்றைப் பட்டறையை அல்ல. மாற்றங்களுக்கு விதி வகுக்க 2019 திருத்தம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அதை இந்தத் திறமைக்காகவும் பயன்படுத்தலாமே என்று கேட்பதில் தவறில்லை. தடை மட்டும் போட்டால் யாரும் நிறுத்துவதில்லை, ராத்திரியில் ஓட்டுகிறார்கள்.

2021 டிசம்பரில் மகாராஷ்டிராவின் சாங்லியில் ஒருவர் பழைய இரும்பில் உருவாக்கிய கிக்-ஸ்டார்ட் ஜீப்பைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, அது எந்த விதிக்கும் பொருந்தாது, அதிகாரிகள் தடுத்துவிடுவார்கள் என்றுதான் முதலில் எழுதினார். அதற்குப் பதிலாக ஒரு பொலிரோவைத் தருவதாகவும், அந்த வண்டியைத் தங்கள் ரிசர்ச் வேலியில் வைப்பதாகவும் அறிவித்தார். அடுத்த மாதமே பொலிரோ கைமாறியது. ஆனா, எல்லா பட்டறைக்கும் ஒரு மஹிந்திரா வரமாட்டாரே!

செகண்ட் ஹேண்டில் வாங்குறீங்களா?

மாற்றிய கார்கள் கடைசியில் சந்தைக்குத்தான் வருகின்றன, அதுவும் கவர்ச்சியான விலையில். பார்க்கப் போகும்போது ஆர்சியில் இருக்கும் நிறம், எரிபொருள், சீட் எண்ணிக்கை, பாடி வகையை வண்டியோடு ஒப்பிடுங்க. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் நேரில் படிச்சுப் பாருங்க. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தா, கம்பெனி வெல்டிங் சீரான புள்ளிகளா தெரியும், பட்டறை வெல்டிங் கோடா தெரியும். ‘எஃப்சி நான் பார்த்துக்கறேன் சார்’னு விற்பவர் சொன்னா, பெயர் மாறின பிறகு ஆர்டிஓ முன்னாடி நிற்கப் போறது நீங்கதான். ஆர்சியைப் புதுப்பிக்கப் போகும்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். தனியார் கார்களுக்கு அது 15-வது வருஷம்.