வடிகால் குழாயில் ஊதிய காடு

'காட்டின் குழந்தைகள்' என்ற சொற்றொடர் இனி எந்தக் கட்டுரையில் எதிர்ப்பட்டாலும் அவ்விடத்திலேயே வாசிப்பை நிறுத்திவிடுவதென்று எங்களுக்குள் பேசி முடிவு செய்திருக்கிறோம். ம்பூட்டி மக்களைப் பற்றி எழுதப் புகுந்தவுடன் பேனா அதை நோக்கியே சாய்கிறது. அவர்களே தம்மை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லையா என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்வதுண்டு. காடு அவர்களுக்குத் தந்தையும் தாயும். ஆனால் அவர்கள் சொல்வது உறவை. நாம் சொல்வது வயதை.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் வடகிழக்கே இட்டூரிக் காட்டில், ஒருவர் இறந்தாலோ வேட்டை பொய்த்தாலோ, காடு உறங்கிவிட்டது என்பார்கள். பாடி அதை எழுப்ப வேண்டும். இரவுதோறும் ஆண்கள் தீயைச் சுற்றி அமர்ந்து பாட, இருளுக்குள்ளிருந்து மொலிமோ என்னும் ஊதுகுழல் மறுகுரல் கொடுக்கும். 1950களில் அவர்களோடு வாழ்ந்து, 1961இல் அதை நூலாக்கிய காலின் டர்ன்புல், அந்தப் புனிதக் குழலை வேலைப்பாடமைந்த மூங்கிலாகக் கற்பனை செய்திருந்தார். வந்ததோ உலோக வடிகால் குழாய்! சாலை போட வந்தவர்களிடமிருந்து கிளப்பிக்கொண்டு வந்தது. அவர் திகைத்ததைக் கண்டு ம்பூட்டிகள்தாம் வியந்தார்கள். நன்றாக ஒலிக்கிறது, மரத்தைப் போல் மட்குவதுமில்லை, வேறென்ன வேண்டும்? ஓடையைக் கடக்கையில் அந்தக் குழாய்க்கும் முறைப்படி நீர் புகட்டினார்கள். மரபு என்பது மூங்கிலில் இருப்பதாக எண்ணியவர் மானுடவியலாளர். பாட்டில் இருப்பதாக அறிந்தவர்கள் அவர்கள்.

மொலிமோவைப் பெண்கள் காணலாகாது என்பதையும் நம் கட்டுரையாளர்கள் பக்தியோடு குறித்துக்கொள்கிறார்கள். சடங்கின் நடுவே ஒரு கிழவி எழுந்து வந்து, பாடும் ஆண்களைக் கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைத்துவிடுவாள், பாட்டு நின்றுபோகும், அவளுக்குரியதைக் கொடுத்த பிறகே கட்டு அவிழும். இந்தப் பகுதி ஏனோ விட்டுப்போகிறது.

'நாகரிகம் தீண்டாதவர்கள்' என்பதும் பொய். இறைச்சியும் தேனும் கொடுத்து வாழைக்காயும் இரும்பும் பெறும் உறவு, அண்டை உழவர்களோடு அவர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. அந்த உறவில் சுரண்டலும் உண்டு, சாமர்த்தியமும் உண்டு. அவர்கள் பேசும் மொழிகளே அந்த உழவர்களின் மொழிகளோடு ஒட்டியவைதாம்.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில், டர்ன்புல் பதிவு செய்த பாட்டொன்றும் இருக்கிறது. பூப்படைந்த பெண்களுக்கான சடங்கில் பாடப்படுவது. ஒரு நிமிடத்திற்கும் சற்றுக் குறைவு. பட்டியலில் பதிவு செய்தவரின் பெயர் இருக்கிறது. பாடியவர்கள் வெறும் 'பிக்மிப் பெண்கள்'. முழங்கைக்கும் முட்டிக்கும் இடைப்பட்ட அளவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியை எட்டிய பின்னும் அளவுகோல் மட்டும் கூடவே போகிறது.

அதே காட்டில் 1992இல் ஒகாபி காப்பகம் அமைந்தது. 1996இல் அது உலகப் பாரம்பரியக் களமானது. பின்பு போர்கள், ஆயுதக் குழுக்கள், தங்கம் தோண்டுவோர். 2022 ஜூலையில்தான் இம்மக்களின் உரிமைகளுக்கென அந்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. அவர்கள் காலங்காலமாகப் புழங்கிவரும் நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டென்று அது ஏற்கிறது. அடுத்து ம்பூட்டிகளைப் பற்றி எழுதவிருக்கும் நண்பர், அந்தச் சட்டத்தின் பிரிவுகளில் எவை இட்டூரி வரை போய்ச் சேர்ந்தன என்று விசாரித்து எழுதட்டும். முதலில் வாசிப்பவர்கள் நாங்களாக இருப்போம்.