மரம் எழுதி வைத்த மழைக்கணக்கு

போன மாதம் வாசல் நிலைக்கு மரம் பார்க்க வாப்பாவோடு ஒரு மர அறுவை மில்லுக்குப் போயிருந்தேன். வாப்பா கன அடி விலை பேசிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் ஒரு தேக்குத் தடியின் வெட்டு முகத்தில் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நெல்மணி அகலத்துக்கு இருந்த வளையங்கள் ஓரிடத்தில் நூல் மாதிரி மெலிந்து போயிருந்தன. "இது எந்த வருஷம் வெட்டுன மரம்? எந்த ஊரு?" என்று கேட்டேன். மில்காரர் சிரித்துவிட்டார். "தம்பி, மரம் வாங்க வந்தியளா, பரீட்சை எழுத வந்தியளா?"

அவருக்குத் தெரியாது. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

மண்ணில் ஈரம் குறைந்தால் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் காற்றிலிருந்து கரியமில வாயு உள்ளே வராது, உணவு குறையும். உயிர் பிழைத்தால் போதும் என்று தண்டு பருப்பதை நிறுத்திவிடும். தேக்கு கோடையில் இலையை உதிர்த்து ஓய்வெடுக்கிற மரம். அதனால் வருஷத்துக்கு ஒரு வளையம் தெளிவாக விழும். பொதுவாக நல்ல மழை என்றால் அகலம், வறட்சி என்றால் ஒல்லி.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் கேரளத்துத் தேக்கு வளையங்களைப் படித்து, 1481 முதல் 2003 வரை 523 வருஷக் கணக்கை 2010இல் வெளியிட்டார்கள். எல் நினோ வந்து பருவமழை பொய்த்த காலங்களில் வளையங்கள் மெலிந்திருந்தன. மழைமானி வருவதற்கு வெகுகாலம் முன்பே மரம் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டது!

ஆனால் நண்பர்களே, அது மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு. அங்கே பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை. பொதிகைக்கு இந்தப் பக்கம், தாமிரபரணிச் சமவெளியில், நாம் நம்பியிருப்பது ஐப்பசி கார்த்திகை மழையை. 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மறுபக்கம், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இரண்டு நாளில் கடலுக்கு ஓடிய தண்ணீர் மரத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும்? மழைமானியின் மொத்தக் கணக்கு அதைச் சொல்லாது. வளையம் சொல்லக்கூடும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஸ்பெயினில் பிராடெஸ் என்ற மலைக்காட்டில் 1999 முதல் ஒரு சோதனை நடந்தது. தரைக்கு மேலே பிளாஸ்டிக் பட்டைகள் கட்டி, மழையில் ஒரு பங்கு மண்ணுக்குப் போகாமல் தடுத்தார்கள். அங்கே காட்டை ஆள்கிற ஓக் மரத்தின் வளர்ச்சி நன்றாகவே குறைந்தது. பக்கத்திலேயே நின்ற பில்லிரியா என்ற சிறுமரம் அவ்வளவாக அசரவில்லை. வறட்சி எல்லா மரத்தையும் ஒரே மாதிரி வாட்டுவதில்லை என்று அளந்து காட்டிவிட்டார்கள்.

நாமோ எத்தனை கன்று நட்டோம் என்று மட்டும் எண்ணுகிறோம். எது தாங்கும், எது தாங்காது என்று அளப்பதில்லை. பாளையங்கால்வாய்க் கரையில் வேர் நனைய நிற்கும் மரமும், மேட்டுச் செம்மண்ணில் நிற்கும் மரமும் ஒரே வறட்சியை ஒரே மாதிரி உணராது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

எல்லா மரத்திலும் இது முடியாது என்பது உண்மைதான். நம் பனையில் ஆண்டு வளையமே கிடையாது. வேறு பல மரங்களில் வளையம் மங்கலாக இருக்கும். ஆனால் தேக்கு இருக்கிறதே!

சாலை அகலப்படுத்தவோ புயலில் விழுந்தோ ஒரு பெரிய மரம் போனால், ஏலம் விடுமுன் தடியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு வட்டத் துண்டு அறுத்து, ஊரும் தேதியும் எழுதி, பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறைக்குக் கொடுக்கலாம். நிற்கிற மரத்தை வெட்டவும் வேண்டாம். சிறு துளை போட்டே மாதிரி எடுக்கக் கருவி இருக்கிறது. செலவு பெரிதில்லை. எண்ணுவதற்கு மாணவர்கள் நாங்கள் இருக்கிறோம்.

அன்று அந்தத் தடியை வாப்பா வாங்கிவிட்டார். இப்போது அது எங்கள் வீட்டு வாசல் நிலை. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். நூல் மாதிரி மெலிந்த அந்த வருஷங்கள் எவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.